நகல் எடுப்பது களவா?



சென்ற ரமலானில் ஓர் இரவு, தராவீஹ் தொழுகை முடிந்து, பினாங்கில் நமது சிநேகிதர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் தேநீர் அருந்த அமர்ந்தோம். சுவரில் மாட்டியிருந்த பெரிய தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் கால்பந்தாட்டம் ஓடிக் கொண்டிருந்தது. நாற்காலிகள் நடைபாதை வரை நிறைந்திருந்தன. "சந்தா கட்டித்தான் காட்டுகிறீர்களா?" என்று விசாரித்தோம். சிநேகிதர் சிரித்துக்கொண்டே தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த ஆண்ட்ராய்டு பெட்டியைக் காட்டினார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வாங்கும்போது முன்னூறு வெள்ளி கொடுத்ததோடு சரி. அதன் பிறகு மாதச் சந்தா என்ற பேச்சே கிடையாது. உலகத்துப் படங்களும் ஆட்டங்களும் அதிலே வந்து விழும் என்றார்.

"இது களவு அல்லவா?" என்று கேட்டுவிட்டோம்.

சிநேகிதர் பதில் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய மகன், கிதாபு ஓதும் பிள்ளை, பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "களவு என்று சொல்ல முடியாது மாமா. களவுக்கு ஷர்த்துகள் இருக்கின்றன. பூட்டை உடைத்தோமா? யாருடைய வீட்டிலாவது புகுந்தோமா? ஆட்டத்தின் சொந்தக்காரனிடம் இருந்தது அப்படியேதான் இருக்கிறது. ஒரு சல்லிகூடக் குறையவில்லையே!"

உடனிருந்தோர் நகைத்தனர். நமக்கு அப்போது பதில் வரவில்லை. வீடு சேர்ந்த பின்னும் அந்தப் பிள்ளையின் கேள்வி நம்மை விடவில்லை. பழைய பாடங்களைத் திருப்பிப் பார்த்தும், நமக்கு ஓதிக் கொடுத்த ஹஜ்ரத் அவர்களிடம் போய்க் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். நாம் ஆலிம் அல்ல. மத்ரஸாவில் ஓதிய சில வருஷங்களும் ஆரம்பப் பள்ளிப் படிப்பும்தான் நமது முதல். பிழை கண்டால் உலமாக்கள் திருத்துவார்களாக.

அந்தப் பிள்ளை சொன்னதை முதலில் நியாயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. பிக்ஹு கிதாபுகளில் 'ஸரிகத்' என்று பெயர் பெறும் களவு குறுகிய பொருளுடையது. பிறருடைய பொருளை மறைவாக எடுத்திருக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு வழக்கமாக உள்ள காவலிலிருந்து, அதாவது 'ஹிர்ஸு' எனப்படும் பூட்டு, பேழை, வீடு போன்றவற்றிலிருந்து, எடுத்திருக்க வேண்டும். நமது ஷாபிஈ மத்ஹபின்படி குறைந்தது கால் தீனார் பெறுமானம் இருக்க வேண்டும். ஒரு தீனாருக்கு 4.25 கிராம் பொன் என்று கணக்கிட்டால் கால் தீனார் ஒரு கிராமுக்குச் சற்று மேலே வரும். இன்னும் பல ஷர்த்துகள் உண்டு. அவற்றில் ஒன்று குறைந்தாலும், சிறிது ஐயம் இருந்தாலும், அந்தக் கடுமையான தண்டனை விழாது.

ஆனால் இந்த ஷர்த்துகள் எதற்காகச் சொல்லப்பட்டவை? தண்டனைக்காகச் சொல்லப்பட்டவை. எடுத்துக்கொள்ள அனுமதி தருவதற்காகச் சொல்லப்பட்டவை அல்ல. நம்பி ஒப்படைத்ததில் மோசம் செய்தவனுக்கும், கொள்ளையிட்டவனுக்கும், பறித்துக்கொண்டு ஓடியவனுக்கும் கை வெட்டும் தண்டனை இல்லை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ் வந்துள்ளது. அதைக் கேட்டு, கொள்ளையடிப்பது ஹலால் என்று எந்த இமாமாவது சொன்னதுண்டா? நாம் கல்லாவில் அமர்த்திய ஆளே கல்லாவிலிருந்து ஐம்பது வெள்ளி எடுத்துக்கொண்டால் அது கிதாபின் கணக்கில் ஸரிகத் அல்ல, கியானத்து. பெயர் மாறிவிட்டது என்பதற்காக அந்த ஆளை நாம் மறுநாளும் கல்லாவில் உட்கார வைப்போமா?

ஆகவே, 'களவா, அல்லவா?' என்ற கேள்வியே வழி தவறி நிற்கிறது. பிறருடைய உரிமையை அவர் சம்மதமின்றி அனுபவித்தோமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு நமது மத்ஹபிலேயே பழைய பதில் இருக்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676-ல் வபாத்தானவர்கள். ஆண்ட்ராய்டு பெட்டியும் தெரியாது, அச்சுப் புத்தகமும் தெரியாது. அவர்களுடைய மின்ஹாஜ் என்ற கிதாபில் 'கஸ்பு', அதாவது அபகரிப்பு, பற்றி விளக்குமிடத்தில், பிறருடைய 'மாலை' எடுப்பது என்று சொல்லாமல், பிறருடைய 'ஹக்கை' வரம்பு மீறிக் கைப்பற்றுவது என்ற கருத்திலே சொல்லியிருக்கிறார்கள். ஏன் ஹக்கு என்றார்கள்? கையில் எடுக்கும் பண்டமாக இல்லாத உரிமைகளும் அதில் அடங்க வேண்டும் என்பதற்காக என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தருகின்றனர். அவர்கள் காட்டும் உதாரணம் நம் போன்றோருக்கே எழுதியது போல் இருக்கிறது. சந்தையிலோ பள்ளிவாசலிலோ ஒருவர் முந்தி வந்து அமர்ந்திருக்கிறார். அவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொருவன் உட்காருகிறான். அந்த மண் இவருக்குச் சொந்தமல்ல, விற்கவும் முடியாது. எழுப்பப்பட்டவரின் பையிலிருந்து காசும் போகவில்லை. ஆயினும் அது அபகரிப்பே.

சூலியா தெருவில் நடைபாதையில் துணி விரித்து வியாபாரத்தைத் தொடங்கிய நம் முன்னோர்களுக்கு, உட்காரும் இடத்தின் அருமையை எவரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

'ஒன்றும் குறையவில்லை' என்ற வாதத்திற்கும் நமது மத்ஹபில் விடை உண்டு. ஒருவர் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். மற்றொருவன் அந்த வீட்டில் புகுந்து மூன்று மாதம் குடியிருந்துவிட்டு, ஒரு கண்ணாடித் தம்ளர்கூட உடையாமல், கூட்டிப் பெருக்கி, முன்பைவிடச் சுத்தமாக வைத்துவிட்டு வெளியேறுகிறான். வீட்டுக்காரரிடம் என்ன குறைந்தது? சுவர் குறைந்ததா, கூரை குறைந்ததா? ஷாபிஈ இமாம்களின் தீர்ப்பு, அவன் மூன்று மாத வாடகைக்குக் கடன்பட்டவன் என்பது. அதுபோன்ற வீட்டுக்கு ஊரில் என்ன வாடகையோ அதைக் கொடுத்தாக வேண்டும். அனுபவிக்கும் பயனும் பொருளே என்பது நம் மத்ஹபு. ஹனபீ கிதாபுகளில் இந்த விஷயத்தில் வேறு அபிப்பிராயம் உண்டு. அதற்குள் இங்கே நுழைய வேண்டாம்.

கால்பந்தாட்டத்தையோ படத்தையோ சந்தா இன்றிப் பார்ப்பது இதிலிருந்து எப்படி வேறுபடும்? ஆட்டத்தின் உரிமைக்காரர் விற்பது ஆட்டத்தை அல்ல, பார்க்கும் பயனை. அவருடைய சரக்கே அதுதான்.

இன்னும் ஐயமிருப்போர் தங்கள் கடையை நினைத்துப் பார்க்கலாம். இருபது வருஷம் பாடுபட்டு ஒரு மசாலைத்தூளுக்குப் பெயர் வாங்கியிருக்கிறீர்கள். பொட்டலத்தின் மீது உங்கள் பெயர், உங்கள் படம், உங்கள் சிவப்பு எழுத்து. யாரோ ஒருவன் அதே போன்ற பொட்டலம் அடித்து, உமி கலந்த தூளை நிரப்பி, அலோர்ஸ்டாரில் விற்கிறான். உங்கள் கிட்டங்கியில் இருந்த மூட்டை ஒன்றும் குறையவில்லை. 'ஒரு சல்லிகூடக் குறையவில்லையே!' என்று அவன் சொன்னால் நீங்கள் தலையாட்டிவிட்டு வருவீர்களா, அல்லது வக்கீலைத் தேடுவீர்களா?

வியாபாரப் பெயர், வியாபாரக் குறி, நூலாசிரியரின் உரிமை, புதிதாகக் கண்டுபிடித்தவரின் உரிமை ஆகிய இவை எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துத்தான் உலக முஸ்லிம் நாடுகளின் சர்வதேச பிக்ஹு அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய ஐந்தாவது அமர்வில் தீர்மானம் செய்தது. இவை பெறுமானமுள்ள உரிமைகள், ஷரீஅத்தில் பாதுகாக்கப்படுபவை, அவற்றின் மீது அத்துமீறுதல் ஆகாது என்பது அதன் சாரம். நமது மசாலைப் பொட்டலத்திற்கு அந்தத் தீர்மானம் வேண்டும், அடுத்தவர் படத்திற்கு வேண்டாம் என்றால் எப்படி?

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. முந்திய தலைமுறை உலமாக்களில் சிலர் நூலுரிமை என்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. தேவ்பந்தில் ஓதிய முப்தி முஹம்மது ஷபீஃ அவர்கள் நூலை அச்சிடும் உரிமையை ஒருவர் தமக்கென்று வைத்துக்கொள்வது கூடாது என்ற கருத்துடையவர்கள். அவர்களுடைய புதல்வர் முப்தி தகீ உஸ்மானீ அவர்களோ, காலத்தின் வழக்கத்தையும் நஷ்டத்தையும் கவனித்து, அது செல்லும் உரிமைதான் என்று எழுதினார்கள். தந்தைக்கும் மகனுக்கும் இடையிலேயே அபிப்பிராய பேதம்! தீனுடைய இல்மை ஒருவன் பூட்டி வைத்து விலை சொல்லக்கூடாது என்பதே பழைய பெரியவர்களின் கவலை என்று நமக்குப் படுகிறது. அது கண்ணியமான கவலை. கால்பந்தாட்டத்தையும் சினிமாவையும் அந்தக் கவலையின் நிழலில் கொண்டுவந்து நிறுத்துவது பொருந்தாது.

வேறு சில சமாதானங்களும் கடைத்தெருவில் உலாவுகின்றன. 'அந்தக் கம்பெனி கோடீசுவரன், நம் முஸ்லிமும் அல்ல' என்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவில், தம்மிடம் மக்காவாசிகள் வைத்திருந்த அமானத்துகளைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். அந்தப் பொருள்கள் அவர்களைத் துரத்திய சமூகத்தாரின் பொருள்கள்! இதற்கு மேல் நாம் என்ன சொல்ல? 'இலவசமாகக் கிடைக்காவிட்டால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். ஆகவே அவனுக்கு நஷ்டமில்லை' என்று இன்னொருவர். அப்படியானால் பார்க்காமல் இருந்துவிடலாமே. 'படமே ஆகாத காரியம், அதை எப்படிப் பார்த்தால் என்ன?' என்று கேட்டவரும் உண்டு. ஆகாததைப் பார்ப்பது வேறு பாடம். ஒரு குற்றத்தைக் காட்டி மறு குற்றத்தைக் கழிக்க இது வட்டிக் கணக்கல்ல.

சட்டத்தின் நிலையையும் வியாபாரிகள் அறிந்திருப்பது அவசியம். நம் நாட்டில் 1987-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 2022 மார்ச் 18 முதல் திருத்தத்துடன் அமலில் இருக்கிறது. உரிமையை மீறும் ஒளிபரப்புப் பெட்டிகளையும் செயலிகளையும் செய்வோர், இறக்குமதி செய்வோர், விற்போர், வாடகைக்கு விடுவோர், வியாபாரத்தில் வைத்திருப்போர் ஆகியோருக்கு 10,000 வெள்ளிக்குக் குறையாமலும் 200,000 வெள்ளிக்கு மேற்படாமலும் அபராதம், 20 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. சிங்கப்பூரில் 2021 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் இத்தகைய பெட்டி விற்பவருக்கு 100,000 டாலர் வரை அபராதமும் ஐந்து வருஷம் வரை சிறையும் உண்டு. 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் போலீசார் சோதனை நடத்தி 2,500-க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றினர்.

சட்டமும் இதைச் சாதாரணத் திருட்டு என்ற ஏட்டில் எழுதாமல் தனி ஏட்டில்தான் எழுதியிருக்கிறது. 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளை அனுமதியின்றி இசைத்தட்டில் பதித்து விற்றவன் மீது, திருட்டுச் சரக்கை மாகாணம் விட்டு மாகாணம் கடத்தியதாகவும் குற்றம் சுமத்தியிருந்தார்கள். அந்தச் சட்டத்தின் கருத்தில் அவை திருட்டுச் சரக்கு அல்ல என்று நீதிபதிகள் தீர்த்தார்கள். ஆனால் பதிப்புரிமையை மீறிய குற்றத்திலிருந்து அவன் தப்பவில்லை. நம் ஓதும் பிள்ளையின் வாதமும் அந்த வக்கீலின் வாதமும் ஒன்றே. இரண்டு பேரும் பெயரில் ஜெயித்தார்கள்.

சாப்பாட்டுக் கடைக்காரர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு என்று எடுத்த சந்தாவைக் கொண்டுவந்து கடையில் காட்டுவதும் ஒப்பந்தத்திற்கு மாறானதே. கடைக்கு வேறு சந்தா, வேறு விலை. கடையில் வாடிக்கையாளர் கேட்கப் பாட்டு ஒலிபரப்புவதற்கும் உரிமம் உண்டு. வீட்டில் பிள்ளைகள் ஒரு படத்தைப் பார்த்தால் அது பார்த்ததோடு போயிற்று. கடையில் காட்டினால் ஒவ்வொரு நாற்காலிக்கும் இரண்டு தேநீரும் ஒரு ரொட்டியும் விற்கிறது. அந்த லாபத்தில் பிறருடைய ஹக்கு கலந்துவிடுகிறது. எதிர்ப்புறம் முறையாகச் சந்தா கட்டிக் காட்டுகிறவர் ஒருவர் இருந்தால், அவருடைய வாடிக்கையையும் நாம் குறுக்கு வழியில் இழுக்கிறோம். தனக்கு வரும்போது நிறைத்து அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைக்கிறவர்களைப் பற்றித் திருக்குர்ஆனில் தனி சூராவே இறங்கியிருக்கிறது. தராசு தட்டில் மட்டும் இருப்பதல்ல.

இவ்வளவு சொன்னதால் கைப்பேசியைத் தொடவே அஞ்ச வேண்டுமோ என்று கேட்க வேண்டாம். உரிமைக்காரர் தாமே யூடியூபில் ஏற்றி வைத்ததை அங்கேயே பார்ப்பது அவர் சம்மதத்தோடு பார்ப்பது. விளம்பரத்தில் அவருக்கு வருமானம் இருக்கிறது. 'எடுத்துப் பரப்புங்கள், நன்மையைத் தேடிக்கொள்ளுங்கள்' என்று சொல்லி ஆலிம்கள் விடும் பயான்களைத் தாராளமாக அனுப்பலாம். விலைக்கு வாங்கிய கிதாபை நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், பழைய கடையில் விற்கலாம். உரிமைக் காலம் கழிந்த பழைய நூல்களை யாரும் அச்சிடலாம்; நம் நாட்டில் பொதுவாக ஆசிரியர் மறைந்து 50 வருஷம், சிங்கப்பூரில் 70 வருஷம். ஒரு வீட்டுச் சந்தாவின் கடவுச்சொல்லை அண்ணன் தம்பி மூன்று குடும்பங்கள் பகிர்ந்துகொள்வது எப்படி என்று ஒருவர் கேட்டார். ஒப்பந்தத்தில் எத்தனை பேர், எந்த வீடு என்று எழுதியிருக்கிறதோ அதுவே பதில்; படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்தியது நம் விரல்தானே?

சங்கடமானது வாட்ஸ்அப் விஷயம். தமிழ்நாட்டில் ஒரு சிறு பதிப்பாளர் கடன் வாங்கி ஆயிரம் பிரதி அச்சடித்து ஒரு மார்க்க நூலை வெளியிடுகிறார். மறு மாதம் அது முழுவதும் படமெடுக்கப்பட்டு நம்முடைய குழுக்களில் வந்துவிடுகிறது. 'ஜஸாகல்லாஹ்' என்று நாமும் நாலு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். கோடீசுவரக் கம்பெனி என்ற சாக்குகூட இங்கே இல்லை.

இதைப் பற்றிப் பேச நமக்கு யோக்கியதை உண்டா என்று கேட்பவர் கேட்கலாம். கேட்பது சரி. ஆரம்பப் பள்ளி முடித்துப் பெரியத்தாவின் கடையில் நாம் நின்ற காலம் அது. 1993-ஆம் வருஷம், நமக்குப் பதினான்கு வயது. தொப்பி, அத்தர், தஸ்பீஹ், காலண்டர், ஒலிநாடா விற்கும் சிறு கடை. நாகூர் ஹனிபா அவர்களின் குரல் கேட்காத நாளில்லை. அந்த ஒலிநாடாக்கள் எங்கிருந்து வந்தன, எது அசல், எது நகல் என்று எவரும் கேட்டதில்லை. ஒரு முறை தமிழ்நாட்டிலிருந்து ஆலிம் ஒருவர் வந்தார். தம்முடைய மத்ரஸாவின் செலவுக்காகத் தமது பயான்களை ஒலிநாடாவாக்கிக் கொண்டுவந்திருந்தார். பெரியத்தா பத்து ஒலிநாடா வாங்கினார்கள். அவர் ஊர் திரும்பு முன்னமே, இரண்டு நாடா போடும் இயந்திரத்தில் நகல் எடுக்கத் தொடங்கினோம். நாம்தான் இயந்திரத்தின் அருகில் இருந்து நாடாவைத் திருப்பிப் போட்டது. ஒன்று மூன்று வெள்ளி. மூன்று வருஷம் விற்றோம். அமானத்தைப் பற்றிய பயான் ஒன்றும் அதில் இருந்தது. அதுதான் அதிகம் போனது.

களவு என்று அன்று தோன்றவில்லை. தீன் பரவுகிறது என்று தோன்றியது, காசும் வந்தது.

மறுமையில் முப்லிஸ், அதாவது திவாலானவன், யார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸை நம்மில் பலர் கேட்டிருப்போம். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டுவந்தும், பிறர் பொருளைத் தின்றதற்கு ஈடாக நன்மைகளை எல்லாம் கொடுத்து வெறுங்கையாகிறவன் அவன். திவால் என்ற சொல் வியாபாரியின் காதில் எப்படி விழும் என்று சொல்ல வேண்டுமா? ஹஜ்ரத் அவர்கள் நமக்குச் சொன்னது இதுதான்: அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்திற்குத் தௌபா போதும், அடியானுடைய ஹக்கு அவனிடம் சேரும் வரை தௌபா முழுமை பெறாது. எத்தனை நாடா விற்றோம் என்று கணக்கில்லையே என்றோம். இதற்குக் குறையாது என்று மனம் ஒப்பும் தொகை வரை ஏற்றிக்கொள் என்றார்கள்.

பெரியத்தா வபாத்தாகிவிட்டார்கள். நாமும் அண்ணனும் உட்கார்ந்து, மாதம் இத்தனை என்று கணக்கிட்டு, அதன் மேலும் கொஞ்சம் கூட்டி, ஒரு தொகையை ஒதுக்கினோம். 2023-ல் ஊருக்குப் போனபோது அந்த மத்ரஸாவைத் தேடிச் சென்றோம். ஆலிம் அவர்கள் இல்லை, மகனார் இருந்தார். விஷயத்தைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. "பிள்ளைகள் சாப்பாட்டுக்கு அத்தா கடன் வாங்கிய வருஷங்கள் அவை" என்றார். பிறகு, ஒலிநாடா மத்ரஸாவின் பெயரில் செய்தது, ஆகவே தாம் தனியே வாங்க முடியாது என்று சொல்லி, நிர்வாகிகளை அழைத்தார். கணக்கர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து 'நன்கொடை' என்று இருந்த இடத்தில் தொகையை நிரப்பப் போனார். நன்கொடை அல்ல, பழைய பாக்கி என்று எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். புத்தகத்தில் அச்சடித்திருப்பது அந்த ஒரு சொல்தான் என்றார். பேனாவால் அதை அடித்துவிட்டு மேலே எழுதிக் கொடுத்தார்.

நமது சிநேகிதர் ஆண்ட்ராய்டு பெட்டியை இன்னும் கழற்றவில்லை. கடைக்கான சந்தாவின் விலையை மட்டும் விசாரித்து வந்திருக்கிறார். அதிகம் என்கிறார், ஆட்டம் ஓடாவிட்டால் பையன்கள் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள் என்றும் சொல்கிறார். இரண்டும் உண்மை. மகன் மறுபடியும் மத்ரஸாவுக்குப் போய்விட்டார். கஸ்பு பாடம் இந்த வருஷம்தான் ஓதப் போகிறாராம்.